மென்புலத்தின் வலிமை

நுழையும்முன்

வீடும் சாலையும் பாலமும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றைத் தாங்கும் மண் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலுவற்ற மண்ணைச் சுண்ணாம்பு, சிமெண்டு, நிலக்கரிச் சாம்பல் முதலிய பொருள்களைக் கொண்டு உறுதிப்படுத்த இயலும். அவ்வாறு உறுதிப்படுத்திய மண், உண்மையிலேயே உறுதி பெற்றுவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? அதனை அளந்தறியும் முறையையும், அவ்வளவீட்டைப் பயன்படுத்துவதில் வேண்டப்படும் விழிப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

வன்புலமும் மென்புலமும்

நிலத்தின் தன்மையை நுணுகி அறிந்தவர்கள் பழந்தமிழர்கள். மலையும் காடும் சார்ந்த குறிஞ்சி, முல்லை நிலங்களை வன்புலம் எனவும், வயலும் கடற்கரையும் சார்ந்த மருத, நெய்தல் நிலங்களை மென்புலம் எனவும் வழங்கினர். செம்மண், கரிசல், வண்டல், களர், உவர், சவுடு என இன்றும் மக்கள் நாவில் வழங்கும் பெயர்கள், மண்ணோடு தமிழர் கொண்ட நெருக்கத்துக்குச் சான்றுகளாகும்.

உழவர் மண்ணிடம் விளைச்சலை எதிர்பார்க்கிறார். கட்டுமானப் பொறியாளர் அதே மண்ணிடம் தாங்கும் ஆற்றலை எதிர்பார்க்கிறார். ஒருவருக்கு நல்ல மண்ணாக அமைவது மற்றவருக்குச் சிக்கலான மண்ணாக அமைவதுண்டு. பருத்தியும் கம்பும் விளையும் கரிசல், மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்புகிறது. கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. அதன்மேல் ஆழமற்ற அடித்தளமிட்டுக் கட்டிய வீட்டின் சுவர்களில் விரிசல் ஓடுகிறது. கதவுகள் நிலையோடு பொருந்தாமல் இறுகிக்கொள்கின்றன. ஆற்றுக் கழிமுகங்களிலும் கடற்கரைகளிலும் படிந்துள்ள மென்களிமண், சுமை ஏறியதும் நெடுங்காலத்துக்கு மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கிறது.

ஆயினும், துறைமுகங்களும் பெருநகரங்களும் பெரும்பாலும் இத்தகைய மென்புலங்களிலேயே வளர்ந்துள்ளன. எனவே, வலுவற்ற மண்ணை எதிர்கொள்ளும் பொறியாளர்முன் சில வழிகள் உள்ளன. அம்மண்ணை அகழ்ந்து நீக்கிவிட்டு வேறு மண்ணை இட்டு நிரப்பலாம், ஆழத்திலுள்ள பாறை வரை தூண்களை இறக்கலாம், அவ்விடத்தையே தவிர்க்கலாம். இவை எல்லா இடங்களிலும் இயல்வன அல்ல, செலவும் மிகுதி. மற்றொரு வழி, இருக்கும் மண்ணையே திருத்தி வலிமை உடையதாக ஆக்குதல். இதுவே நிலமேம்பாடு எனப்படுகிறது. வேதிப்பொருள்களைக் கலந்து மண்ணை உறுதிப்படுத்துதல் அதன் முதன்மையான பிரிவுகளுள் ஒன்றாகும்.

களிமண்ணில் நிகழும் வேதிமாற்றம்

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுடையவை. தகடுபோன்ற இத்துகள்களின் பரப்பில் எதிர்மின்சுமை அமைந்துள்ளது. அது சோடியம் முதலிய நேரயனிகளையும் நீர் மூலக்கூறுகளையும் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. கரிசலில் மிகுதியாகக் காணப்படும் மான்ட்மோரிலோனைட் என்னும் கனிமம், தன் தகடுகளுக்கிடையிலும் நீரைப் புகவிடும் இயல்புடையது. அம்மண் உப்புவதற்கும் சுருங்குவதற்கும் இதுவே காரணம்.

இத்தகைய மண்ணில் சுண்ணாம்பைக் கலந்தால் இருநிலைகளில் மாற்றம் நிகழ்கிறது. முதல்நிலை அயனிப் பரிமாற்றம். சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அயனிகள், துகள்களைச் சூழ்ந்திருந்த சோடியம் அயனிகளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் அமர்கின்றன. தனித்தனியே விலகி நின்ற துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாகின்றன. சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் கையில் ஒட்டும் சேறு, உதிரும் மண்ணாக மாறுகிறது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பைக் கலந்தால் அது மண்ணிலுள்ள நீருடன் வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடுவதால் ஈரமும் விரைந்து குறைகிறது.

இரண்டாம் நிலை மெதுவானது. சுண்ணாம்பு, மண்ணின் நீரை வலுவான காரத்தன்மை உடையதாக்குகிறது. அக்காரத்தில் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் சிறிது சிறிதாகக் கரைந்து, கால்சியத்தோடு சேர்ந்து பசைபோன்ற புதிய சேர்மங்களை உருவாக்குகின்றன. சிமெண்டு இறுகும்போது தோன்றும் சேர்மங்களை ஒத்த இவை, துகள்களைப் பிணைத்து இறுகுகின்றன. இவ்வினை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தொடர்கிறது. இது பொசோலானிக் வினை எனப்படும். இத்தாலியின் பொசுவோலி என்னும் ஊரருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து உரோமானியர் கட்டடங்களை எழுப்பினர். அவ்வூர்ப் பெயரே வினைக்கும் பெயராயிற்று. தமிழகக் கொத்தர்கள் செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சுண்ணாம்போடு அரைத்துக் காரை ஆக்கியதிலும் இவ்வேதியியலே செயல்பட்டது.

நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் இருப்பதால் அதுவும் சுண்ணாம்போடு சேர்ந்து இவ்வினையில் ஈடுபடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் கால்சியமும் கணிசமாக உள்ளது. கழிவாகக் குவியும் சாம்பல் இவ்வாறு கட்டுமானத்துக்குப் பயன்படும் பொருளாகிறது.

எவ்வளவு சேர்ப்பது?

மருந்தின் அளவைப் போலவே, சேர்க்கும் பொருளின் அளவும் இங்கு இன்றியமையாதது. சுண்ணாம்பு குறைந்தால் அயனிப் பரிமாற்றத்திலேயே தீர்ந்துவிடும். மண் உதிரும் தன்மை பெறுமே தவிர, பிணைப்பு உண்டாகாது. தேவைக்குமேல் சேர்த்தால் வினைபுரியாத சுண்ணாம்பு மண்ணில் எஞ்சிநிற்கும், பொருளும் வீணாகும்.

இக்குறைந்த அளவைக் கண்டறிய, ஈட்ஸ், கிரிம் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1966ஆம் ஆண்டில் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர். சலித்த மண்ணைச் சம எடையாகப் பல புட்டிகளில் இட்டு, 2, 3, 4, 5, 6 விழுக்காடு எனச் சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே சென்று, வாலைவடிநீர் ஊற்றிக் குலுக்குவர். ஒரு மணி நேரத்துக்குப்பின் ஒவ்வொன்றின் பி.எச். மதிப்பையும் அளப்பர். சுண்ணாம்பின் தெவிட்டிய கரைசலுக்குரிய 12.4 என்னும் மதிப்பை எந்தப் புட்டி முதலில் எட்டுகிறதோ, அதிலுள்ள சுண்ணாம்பின் அளவே அம்மண்ணுக்கு வேண்டிய குறைந்த அளவாகக் கொள்ளப்படும்.

ஒரு விழுக்காட்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். 1 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடைய சாலையின் அடிமண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உறுதிப்படுத்துவதாகக் கொண்டால், மண்ணின் கன அளவு 2,100 கன மீட்டர். ஒரு கன மீட்டர் உலர்மண்ணின் எடை 1,500 கிலோகிராம் எனில், 4 விழுக்காட்டுக்கு 126 டன் சுண்ணாம்பு தேவை. ஒரு விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் 31.5 டன் வேறுபடும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதையும் எண்ணிப் பார்த்தால், சரியான அளவைக் காண்பது சிக்கனம் மட்டுமன்று, சூழலுக்குச் செய்யும் கடமையும் ஆகும்.

பி.எச். சோதனை வேதிவினை தொடங்குவதற்குரிய சூழலைக் காட்டுமே அன்றி, விளையும் வலிமையைக் காட்டாது. மண்ணில் மட்கு மிகுந்திருந்தால் அதன் அமிலங்கள் வினையைத் தடுத்துவிடலாம். தட்பம் மிகுந்த இடங்களில் வினை மந்தமாகலாம். ஆகவே, வலிமையை நேரடியாக அளந்தே அறிதல் வேண்டும்.

மாதிரியை உருவாக்குதல்

சோதனையின் நம்பகத்தன்மை, மாதிரியை உருவாக்குவதிலேயே தொடங்கிவிடுகிறது. பழங்காலத்தில் தரையைக் கெட்டிப்படுத்தத் திமிசுக்கட்டையால் இடித்தனர். மண் மிக உலர்ந்திருந்தாலும் மிக நனைந்திருந்தாலும் இடி பயன்தராது என்பது அனுபவம் தந்த அறிவு. இவ்வறிவை 1933ஆம் ஆண்டில் ரால்ஃப் புரோக்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அளவீடாக்கினார். 1,000 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய உருளை அச்சில் மண்ணை மூன்று அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் 2.6 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 25 முறை விழச்செய்து இறுக்குவது இந்தியாவில் பின்பற்றப்படும் வழக்கமான முறை. எந்த ஈரப்பதத்தில் மண் மிகுதியாக இறுகுகிறதோ, அதுவே உகந்த ஈரப்பதமாகும்.

சுண்ணாம்பு சேர்ந்ததும் இந்த ஈரப்பதம் பெரும்பாலும் உயர்கிறது. எட்டக்கூடிய பெரும அடர்த்தியோ குறைகிறது. எனவே, வெறும் மண்ணுக்குக் கண்ட அளவுகளைக் கலவை மண்ணுக்குப் பயன்படுத்துதல் தவறாகும். கலவைக்கெனத் தனியே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். கலந்தபின் எவ்வளவு நேரம் கழித்து இறுக்குவது என்பதும் கவனிக்கத்தக்கது. சுண்ணாம்புக் கலவையைச் சிலகாலம் முதிரவிடலாம். சிமெண்டுக் கலவையையோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கிவிட வேண்டும். காலம் தாழ்ந்தால், உருவாகத் தொடங்கிய பிணைப்புகள் இடிபட்டு உடைந்துவிடும். களத்தில் எவ்வளவு தாமதம் ஏற்படுமோ, அதே அளவு தாமதத்தை ஆய்வகத்திலும் கடைப்பிடித்தால்தான் விடை பொருந்தும்.

இவ்வாறு உருவாக்கிய உருளை மாதிரிகளை ஈரம் வெளியேறாதவாறு நெகிழித்தாளில் சுற்றி, குறிப்பிட்ட வெப்பநிலையில் 7, 14, 28, 90 நாள்கள் என வைத்திருப்பர். இது பதப்படுத்தல் எனப்படும். வினை மெதுவானது என்பதால் காத்திருப்பும் சோதனையின் ஒரு பகுதியாகிறது. விரைவாக விடை தேவைப்படும்போது 40 டிகிரி செல்சியசு வெப்பநிலையில் 7 நாள் வைத்து, இயல்பான சூழலில் நெடுநாள் கிடைக்கும் வலிமையை மதிப்பிடுவதும் உண்டு.

அமுக்கச் சோதனை

பதப்படுத்திய மாதிரியின் வலிமையை அறியப் பரவலாகச் செய்யப்படுவது பக்கத்தாங்கலற்ற அமுக்கச் சோதனை. மாதிரியின் பக்கங்களில் எவ்விதத் தாங்கலும் இன்றி, மேலிருந்து மட்டும் அழுத்துவதால் இப்பெயர் பெற்றது. மாதிரியின் உயரம் அதன் விட்டத்தைப்போல் இருமடங்காக இருத்தல் வேண்டும். 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் வழக்கமான அளவுகளுள் ஒன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம், ஐ.எஸ். 2720 என்னும் வரிசையில் இயற்கை மண்ணுக்கும், ஐ.எஸ். 4332 என்னும் வரிசையில் உறுதிப்படுத்திய மண்ணுக்கும் உரிய சோதனை முறைகளை வகுத்துள்ளது.

கருவியின் இரு தட்டுகளுக்கிடையே மாதிரியை நிறுத்திச் சீரான வேகத்தில் அழுத்துவர். ஒவ்வொரு நிலையிலும் மாதிரி எவ்வளவு குறுகியது, எவ்வளவு விசையை ஏற்றது என்னும் இரண்டையும் குறித்துக்கொள்வர். இயற்பியலில் பயிலும் தகைவு, திரிபு ஆகிய கருத்துகளே இங்குப் பயன்படுகின்றன. மாதிரி குறுகும்போது பக்கவாட்டில் விரிவதால், விரிந்த பரப்பைக் கணக்கிட்டே தகைவைக் காண வேண்டும்.

எடுத்துக்காட்டாக, உறுதிப்படுத்தாத மண்ணின் மாதிரி ஒன்று 120 நியூட்டன் விசையில், 4 மில்லிமீட்டர் குறுகிய நிலையில் நிலைகுலைகிறது எனக் கொள்ளலாம். தொடக்கப் பரப்பு 11.34 சதுர சென்டிமீட்டர். திரிபு 5.26 விழுக்காடு. திருத்திய பரப்பு 11.97 சதுர சென்டிமீட்டர். எனவே வலிமை ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல். சுண்ணாம்பு சேர்த்துப் பதப்படுத்திய மாதிரி, 1 மில்லிமீட்டரே குறுகி, 690 நியூட்டன் விசையில் உடைகிறது எனில், அதன் வலிமை ஏறத்தாழ 600 கிலோபாஸ்கல். ஒரு கிலோபாஸ்கல் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை அமர்வதற்குச் சமம்.

மண் உடையும்போது பெரும்பாலும் சாய்வான தளம் ஒன்றின்வழியே ஒரு பகுதி மற்றொரு பகுதியின்மீது சறுக்குகிறது. சறுக்கலைத் தடுப்பவை துகள்களின் ஒட்டும் உராய்வும் ஆகும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கூலும் 18ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை வரையறுத்தவரும் அவரே. நீர் நிறைந்த களிமண்ணில், நீர் வெளியேற இடமின்றி விரைவாகச் சுமை ஏறும்போது, சறுக்கலைத் தடுக்கும் வலிமை அமுக்க வலிமையில் பாதியாகக் கொள்ளப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

களிமண்ணின் கெட்டித்தன்மை அமுக்க வலிமையைக் கொண்டு வகைப்படுத்தப்படுகிறது. 25 கிலோபாஸ்கலுக்குக் குறைவானது மிக மென்மையானது. கைக்குள் வைத்துப் பிசைந்தால் விரலிடுக்குகளில் பிதுங்கும். 25 முதல் 50 வரை மென்மை. 50 முதல் 100 வரை நடுத்தரம். 100 முதல் 200 வரை கெட்டி. 200 முதல் 400 வரை மிகக் கெட்டி. 400 கிலோபாஸ்கலுக்கு மேற்பட்டது வன்மையானது. நகத்தால் கீறுவதும் கடினம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் வலிமை ஆறு மடங்காயிற்று. ஆனால், இரு மாதிரிகளும் நிலைகுலைந்த விதம் வேறு. உறுதிப்படுத்தாத ஈரக் களிமண் பீப்பாய்போலப் பக்கங்களில் பிதுங்கி, மெல்ல வளைந்துகொடுக்கிறது. சிலவேளைகளில் உடையாமலே குறுகிக்கொண்டு போவதால், 20 விழுக்காட்டுத் திரிபில் உள்ள தகைவையே அதன் வலிமையாகக் கொள்வர். உறுதிப்படுத்திய மண்ணோ மிகச் சிறிய திரிபிலேயே திடீரென விரிசலிட்டு உடைகிறது. வலிமை கூடும்போது நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. ஆகவே, உச்ச வலிமையை மட்டும் நோக்காமல், தகைவு–திரிபு வரைகோட்டின் முழுப் போக்கையும் பொறியாளர் கருத்தில் கொள்கிறார்.

மேலும், பதப்படுத்திய மாதிரி மழையைக் கண்டதில்லை. களத்திலுள்ள மண்ணோ ஆண்டுதோறும் மழையில் நனைகிறது, கோடையில் காய்கிறது. ஈரம் குறைந்த களிமண், எப்பொருளையும் சேர்க்காத நிலையிலும் வலிமையாகத்தான் இருக்கும். வெயிலில் காய்ந்த கரிசல் கட்டியை மண்வெட்டியால் உடைப்பதும் அரிது. மழை பெய்த மறுநாள் அதே கட்டி சேறாகிவிடும். எனவே, உலர்ந்த நிலையில் கண்ட வலிமை, சேர்த்த பொருளால் வந்ததா, ஈரமின்மையால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இதற்காகவே, மாதிரிகளுள் ஒரு பகுதியை நீரில் ஊறவைத்த பிறகு சோதிக்கின்றனர். உண்மையான பிணைப்பு உண்டாகியிருந்தால் ஊறிய மாதிரியும் பெரும்பகுதி வலிமையைத் தக்கவைத்துக்கொள்ளும். இல்லையெனில் நீரிலேயே கரைந்து சரியும். நனைத்தல், உலர்த்தல் ஆகியவற்றைப் பன்னிரண்டு முறை மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொரு முறையும் எவ்வளவு மண் உதிர்கிறது என அளக்கும் சோதனையும் உண்டு. சாலைகளின் அடிமண்ணுக்குச் செய்யப்படும் கலிபோர்னியாத் தாங்குதிறன் சோதனையிலும் மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்த பின்னரே 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை அதனுள் அழுத்துகின்றனர். வலிமையை மண்ணின் நல்ல நாளில் அளப்பது எளிது. ஆனால் மண்ணின் கடினமான நாளில்தான் கட்டுமானத்துக்கு அவ்வலிமை தேவைப்படுகிறது.

வலிமையே பகையான இடங்கள்

வலிமைச் சோதனையில் தேறிய மண்ணும் பின்னாளில் கேடு விளைவித்ததுண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் நகரில், ஸ்டூவர்ட் அவென்யூ என்னும் சாலையின் அடிமண் சுண்ணாம்பால் உறுதிப்படுத்தப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் சாலை ஆங்காங்கே மேடிட்டு உயர்ந்து விரிசல் கண்டது. 1988இல் வெளியான ஆய்வு இதன் காரணத்தை விளக்கியது. அம்மண்ணில் இயற்கையாகவே சல்பேட்டு உப்புகள் இருந்தன. சுண்ணாம்பின் கால்சியமும் களிமண்ணிலிருந்து கரைந்த அலுமினாவும் சல்பேட்டும் நீரும் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் கனிமத்தைத் தோற்றுவித்தன. தன் படிக அமைப்பில் மிகுதியான நீர் மூலக்கூறுகளைக் கொண்ட இக்கனிமம், வளரும்போது பெரும் இடத்தை அடைத்துக்கொண்டு மண்ணை உப்பச்செய்கிறது. மண்ணைக் கட்டுவதற்காகச் சேர்த்த பொருளே மண்ணைப் பிளக்கும் பொருளுக்கு மூலமாயிற்று.

இங்கிலாந்தில் எம்-40 நெடுஞ்சாலை, ஆக்ஸ்போர்டுசயர் பகுதியில் பான்பரி நகருக்கருகே 1980களின் இறுதியில் அமைக்கப்பட்டபோதும் இவ்வாறே நேர்ந்தது. சுண்ணாம்பிட்ட அடுக்கு குளிர்காலத்தில் உப்பி எழுந்தது. அம்மண்ணில் பைரைட்டு என்னும் இரும்பு சல்பைடு இருந்தது. மண்ணைக் கிளறியபோது காற்றும் நீரும் பட்டு அது ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட்டாக மாறியது. தொடக்கத்தில் மண்ணிலுள்ள சல்பேட்டை மட்டும் அளந்தால், பின்னர் இவ்வாறு உருவாகும் சல்பேட்டு கணக்கில் வாராது.

இந்நிகழ்வுகளுக்குப்பின் சல்பேட்டையும் சல்பைடையும் முன்னதாகவே அளந்தறிதலும், மாதிரியை நீண்டநாள் நீரில் வைத்து அது எவ்வளவு உப்புகிறது எனக் காண்பதும் மண் சோதனையில் முதன்மை பெற்றன. அமுக்கச் சோதனை, ‘இம்மாதிரி எவ்வளவு சுமையைத் தாங்கும்?’ என்னும் வினாவுக்கு மட்டுமே விடை தருகிறது. ‘அடுத்த மழைக்குப்பின் இது என்னவாகும்?’ என்னும் வினாவைத் தனியே எழுப்ப வேண்டும்.

ஆய்வகமும் களமும்

ஆய்வகத்தில் மண்ணைச் சலித்து, சீராகக் கலந்து, அளந்து இறுக்குகின்றனர். களத்தில் அந்நிலை அரிது. சுவீடனிலும் சப்பானிலும் 1960களின் பிற்பகுதியில் ஆய்வு செய்யப்பட்டு, 1970களில் நடைமுறைக்கு வந்த ஆழக்கலவை முறையில், சுழலும் அலகுகளைக் கொண்ட துளைப்பொறி மென்களிமண்ணுள் பல மீட்டர் ஆழம் இறங்கி, சுண்ணாம்பையோ சிமெண்டையோ அங்கேயே மண்ணோடு கலந்து தூண்போல ஆக்குகிறது. கண்ணுக்கெட்டாத ஆழத்தில் கலவை சீராக அமைந்ததா என்பதை அறிய, தூணிலிருந்து உருளைத் துண்டுகளை வெட்டியெடுத்துச் சோதிக்கின்றனர். களத்தில் கிடைக்கும் வலிமை, ஆய்வக வலிமையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் அமைகிறது.

இங்குச் சராசரி மட்டும் போதாது. ஐந்து மாதிரிகளின் வலிமை 600, 610, 590, 605, 595 கிலோபாஸ்கல் எனில், சராசரி 600. வேறோர் இடத்து ஐந்து மாதிரிகள் 1,000, 900, 700, 250, 150 எனில், அவற்றின் சராசரியும் 600 தான். முதல் இடம் நம்பத்தக்கது. இரண்டாம் இடத்தில், 150 கிலோபாஸ்கல் உள்ள பகுதியிலிருந்தே சரிவு தொடங்கும். ஆகவே, குறைந்த மதிப்புகளை மறைக்காமல் பதிவுசெய்தல் சோதனையாளரின் தலையாய பண்பாகும். தேறாத மாதிரியை ஒதுக்கிவிட்டுத் தேறியவற்றை மட்டும் ஏட்டில் எழுதினால், ஏடு அழகாக இருக்கும். நிலம் அழகாக இராது.

சாலைப் பணியில் கலவையின் சீர்மையைக் காண எளிய வழி ஒன்றுண்டு. பள்ளம் தோண்டி அதன் பக்கவாட்டில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பர். காரத்தன்மையுள்ள இடம் இளஞ்சிவப்பு நிறம் பெறும். நிறம் மாறாத இடத்தில் சுண்ணாம்பு சென்று சேரவில்லை என அறியலாம். பள்ளி ஆய்வகத்தில் தரம்பார்த்தலுக்குப் பயன்படும் அதே நிறங்காட்டி, நெடுஞ்சாலையின் தரத்தையும் காட்டுகிறது. இது சுண்ணாம்பின் இருப்பைக் காட்டுமே தவிர, வலிமையைக் காட்டாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிறைவாக

மண்ணை உறுதிப்படுத்துதல் என்பது பொருளைக் கலந்ததும் முடிந்துவிடும் பணியன்று. எந்த மண், எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு நீர், எத்தனை நாள், எந்த வெப்பநிலை என்பனவற்றுள் ஒன்று மாறினாலும் வலிமை மாறும். ஒரு மண்ணுக்குப் பொருந்திய கலவை மற்றொரு மண்ணுக்குப் பொருந்தும் என எண்ணுதற்கும் இடமில்லை. ஆகவேதான் ஒவ்வொரு களத்திலும் மண்ணை எடுத்து, கலந்து, காத்திருந்து, நனைத்து, உடைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

சாலையில் செல்பவர்கள் அதன் அடியிலுள்ள மண்ணைக் காண்பதில்லை. அதனைச் சோதித்தவரின் பெயரையும் அறிவதில்லை. அவர்கள் அறியாமலே அவர்களுடைய பாதுகாப்பு, ஆய்வகத்தில் உடைக்கப்பட்ட சில உருளை மாதிரிகளையும், அவற்றின் அருகே உள்ளவாறே எழுதப்பட்ட எண்களையும் சார்ந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மண்வகைகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவை மழைக்காலத்திலும் கோடையிலும் அடையும் மாற்றங்களைக் குறிப்பெழுதுக.

2. காய்ந்த களிமண் உருண்டை ஒன்றையும், நீற்றிய சுண்ணாம்பு கலந்து ஈரம் காக்கப்பட்டு நான்கு வாரம் வைத்த உருண்டை ஒன்றையும் ஆசிரியரின் மேற்பார்வையில் நீரில் இட்டு, நிகழும் வேறுபாட்டை வகுப்பில் விளக்குக. சுண்ணாம்பைக் கையுறையின்றித் தொடுதல் கூடாது.

3. ‘சராசரி மட்டும் உண்மையைச் சொல்லிவிடாது’ – பாடப்பகுதியைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.